கடலோரத் திராட்சைத் தோட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில், தென்னாப்பிரிக்காவில் ஹெர்மானஸ் ஊருக்குப் பின்னால் இருக்கிற ஹெமல்-என்-ஆர்டே பள்ளத்தாக்கில் ஒரு குடும்பம் நடத்துகிற ஒயின் தோட்டத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சமையல் குறிப்புகளுக்கு வராத கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்கு வந்திருக்கிறது. ஆசிரியர் மொத்தத்தையும் என்னிடம் அனுப்பி, இந்த மாதப் பக்கம் முழுக்க இதற்கே என்று சொல்லிவிட்டார். தோட்டத்தின் பெயரைக் கேட்டவர்கள் மன்னிக்கவும். எனக்குச் சம்பளம் கொடுக்கிற வீட்டின் கதை கீழே கொஞ்சம் வரும், அதனால் பெயர் வேண்டாம். என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பிறந்தது கம்பம். அப்பாவுக்குச் சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தல். வாக்கப்பட்டது டர்பன், சாட்ஸ்வொர்த். பிழைப்பு இங்கே, நாட்டின் தென்மேற்கு முனையான கேப்பில்.

கேள்வி: அக்கா, செப்டம்பர் மாதம் திமிங்கலம் பார்க்க ஹெர்மானஸ் வந்தோம். ஸ்வெட்டர் போட்டும் நடுக்கம். அந்தக் குளிரில் திராட்சை எப்படிப் பழுக்கிறது? எங்கள் வீட்டுப் பின்பக்கம் வைத்த கொடி இத்தனை வெயிலிலும் பூஞ்சை பிடித்து வீணாகப் போகிறது.
(ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்)

நீங்கள் வந்த செப்டம்பரில் கொடியில் பழமே கிடையாதம்மா, அப்போதுதான் மொட்டு வெடிக்கும். நவம்பரில் பூக்கும், ஜனவரிக்குள் நிறம் ஏறும், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை அறுவடை. ஆனாலும் உங்கள் கேள்வி சரியான கேள்விதான். நடுக் கோடையிலும், அதாவது ஜனவரி, பிப்ரவரியிலும், எங்கள் பள்ளத்தாக்கு கொதிக்காது. காலையில் வெயில் ஏறும். மதியத்துக்கு மேல் வாக்கர் விரிகுடாப் பக்கமிருந்து காற்று உள்ளே வரும், தோட்டத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கடல் குளிர்ந்த கடல். கோடையில் வீசுகிற தென்கிழக்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட, அடியில் இருக்கிற சில்லென்ற தண்ணீர் மேலே வரும். அந்தத் தண்ணீரைத் தடவி வருகிற காற்றில் குளிர்ச்சி இல்லாமல் என்ன செய்யும்? மலைக்கு அந்தப் பக்கம் உள்நாட்டில் ராபர்ட்சன், வூஸ்டர் ஊர்களில் பிப்ரவரியில் அனல் பறக்கும்போது, நான் சாயங்காலம் சால்வை தேடுவேன்.

திராட்சைக்கு இதில் என்ன லாபம் என்றால், சூட்டில் பழத்துக்குச் சர்க்கரை ஓட்டமாய் ஏறிவிடும். அதே சூட்டில் புளிப்பும் எரிந்துபோகும். மணம் வந்து சேருவதற்குள் அறுத்தாக வேண்டிய நிலை வரும். குளிர்ச்சியான இடத்தில் சர்க்கரை நிதானமாக ஏறும், புளிப்பு தங்கும், மணத்துக்கு அவகாசம் கிடைக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் பீனோ நுவார் என்கிற கறுப்புத் திராட்சை, ஷார்டொனே என்கிற வெள்ளைத் திராட்சை. பீனோ நுவாரின் தோல் ரொம்ப மெல்லிசு. இரண்டு நாள் அனல் காற்று அடித்தால் வெயில் பட்ட பக்கம் சுருங்கி உலர்திராட்சை ஆகிவிடும். அதனால்தான் அது கடலோரம் தேடி வந்தது.

உங்கள் வீட்டுக் கொடியின் சங்கதி வேறு. டர்பன் பக்கம் ஓடுவது அகுல்யாஸ் என்கிற வெந்நீரோட்டம். மழையும் கோடையில்தான் கொட்டும். பழம் பிடிக்கிற நேரத்தில் இலை நனைந்தபடியே இருந்தால் அடிச்சாம்பல் நோய் வராமல் வேறென்ன வரும்? இங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறண்டு கிடக்கும். ஜூலையில் கொடியை இரக்கப்படாமல் வெட்டிவிடுங்கள். கோடையில் கொத்தைச் சுற்றி இருக்கிற இலைகளைக் கிள்ளி, காற்று போக வழி விடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிடுங்கிவிட்டு கட்டாபா ரகம் வையுங்கள். அமெரிக்கக் கலப்பு, ஈரத்தைத் தாங்கும். உங்கள் தெருவிலேயே யார் வீட்டிலாவது இருக்கும்.

கேள்வி: ஏம்மா, நம்ம பக்கம் கவாத்து பண்ணி வருசத்துக்கு ரெண்டு, மூணு அறுப்பு பார்க்கிறோம். அங்கே ஒரே ஒரு அறுப்புத்தான்னு சொல்றாங்க. அதை வச்சு எப்படிக் கட்டுப்படியாகுது? நம்ம பன்னீர் திராட்சை அங்கே உண்டா?
(ஒரு விவசாயி, கூடலூர், தேனி மாவட்டம்)

ஐயா, உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன், இதே கேள்வியைத்தான் அவரும் ஆண்டுதோறும் கேட்கிறார். நம் ஊரில் கொடி தூங்குவதே இல்லை. நாம் கத்தி வைக்கிற நாள்தான் அதற்குக் காலண்டர். இங்கே மே மாதம் இலை உதிர்ந்து, ஆகஸ்ட் வரை குச்சியாக நிற்கும். அந்த உறக்கத்தில் கவாத்து. பந்தலும் கிடையாது. இடுப்பு உயரத்துக்குக் கம்பி இழுத்து, வரிசையாகச் செடியை நிறுத்தியிருப்பார்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நம் மிளகாய்த் தோட்டம் மாதிரி தெரியும்.

விளைச்சலைக் கேட்டால் சிரிப்பீர்கள். நல்ல பீனோ நுவார் என்றால் ஹெக்டேருக்கு ஐந்து, ஆறு டன். நம் பந்தலில் அதைப்போலப் பல மடங்கு இறக்குவோம். இங்கே அதிகம் காய்த்தால் பிஞ்சிலேயே பாதிக் கொத்தை வெட்டித் தரையில் போட்டுவிடுவார்கள். வந்த புதிதில் அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கொடி தாங்குகிற சக்தி ஒரு அளவுதான். கொத்து குறைந்தால் மிச்சமிருப்பதற்குச் சாரம் கூடும், ஒரே சீராகப் பழுக்கும். ஒரு டன் பழத்தில் சுமார் 650 லிட்டர் ஒயின். அப்படியென்றால் 750 மில்லி பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் போகிறது. கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று தரகரிடம் கேட்கிற தொழில் இல்லை இது, பாட்டிலை என்ன விலைக்கு விற்க முடியும் என்பதுதான் கணக்கு.

பன்னீர் திராட்சை இங்கே தோட்டமாகப் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பெற்ற ரகங்களில் ஒன்று இங்கே வீட்டுப் பிள்ளை. நம் பன்னீர், மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் இன்னொரு கறுப்பு ரகமும் கலந்து பிறந்தது. அந்த அலெக்சாண்ட்ரியாவை இங்கே ஹானபூட் என்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் சாலையோரம் பெட்டி பெட்டியாக விற்பார்கள். பச்சையாக, பெரிது பெரிதாக, விதையோடு. வாயில் போட்டவுடன் சுருளிப்பட்டி வாசனை. எங்கள் வீட்டுக்காரர் கடையில் விதையில்லாததை வாங்கி வருவார், நான் இதைத்தான் வாங்குவேன்.

கேள்வி: அந்தப் பள்ளத்தாக்கில் யார் முதலில் ஒயின் ஆரம்பித்தது? எல்லாம் முன்னூறு வருடப் பழைய வெள்ளைக்காரக் குடும்பங்களா?
(ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முன்னூறு வருடக் கதை கேப் டவுன் பக்கம். டச்சுக்காரர்கள் கேப்பில் முதல் ஒயின் பிழிந்தது 1659 பிப்ரவரியில். கான்ஸ்டான்ஷியா தோட்டம் சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்குக் கிடைத்தது 1685இல். எங்கள் பள்ளத்தாக்கு அந்தக் கணக்கில் கைக்குழந்தை. ஜோஹன்னஸ்பர்க்கில் விளம்பரத் தொழில் செய்துகொண்டிருந்த டிம் ஹாமில்டன் ரஸல் 1975இல் இங்கே நிலம் வாங்கினார். குளிர்ச்சியான இடமாகத் தேடித் தேடித்தான் இங்கே வந்து சேர்ந்தார். முதல் ஒயின் 1981. பிறகு மகன் ஆண்டனி பொறுப்பேற்றார். அங்கே ஒயின் செய்துகொண்டிருந்த பீட்டர் ஃபின்லேசன் 1989இல் பக்கத்திலேயே பூஷார் ஃபின்லேசனைத் தொடங்கினார். அதற்குப் பின் ஒவ்வொன்றாக மலை மேல் வரை ஏறிவிட்டார்கள். இப்போது கீழ்ப் பள்ளத்தாக்கு, மேல் பள்ளத்தாக்கு, மேட்டு நிலம் என்று மூன்று தனி வட்டாரங்கள். லேபிளிலும் அப்படித்தான் போடுவார்கள்.

முன்னாலேயே ஏன் யாரும் வரவில்லை என்றால், சட்டம் விடவில்லை. 1918இல் தொடங்கின கேடபிள்யூவி என்கிற கூட்டுறவு அமைப்புதான் ஒயின் தொழிலையே கையில் வைத்திருந்தது. 1957லிருந்து எந்த நிலத்தில் எவ்வளவு விளைவிக்கலாம் என்று ஒதுக்கீடு. பழைய சூடான வட்டாரங்களுக்குத்தான் ஒதுக்கீடு இருந்தது, இங்கே கிடையாது. ஒதுக்கீடு ஒழிந்தது 1992இல். அதுவரை வந்தவர்கள் எல்லாம் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி நின்றவர்கள்.

நல்ல நாற்றுக்கும் இதே பாடுதான். வெளிநாட்டுக் குச்சி தனிமைப்படுத்தலில் வருஷக்கணக்கில் கிடக்கும். பொறுமை இழந்த சிலர் ஷார்டொனே குச்சியைத் திருட்டுத்தனமாக நாட்டுக்குள் கொண்டுவந்து நட்டார்கள். வளர்ந்த பிறகு பார்த்தால் அதில் கொஞ்சம் ஷார்டொனேயே இல்லை, ஓக்ஸெர்வா என்ற வேறு ரகம்! எண்பதுகளின் நடுவில் இதற்கென்றே ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கள்ளக் கடத்தலிலும் கலப்படம்.

வெள்ளைக்காரக் குடும்பங்கள்தானா என்ற கேள்விக்கு: நிலத்தைப் பொறுத்தவரை இன்னும் பெரும்பாலும் அப்படித்தான், மழுப்ப விரும்பவில்லை. ஸ்டெல்லன்பாஷ் பக்கம் ரங்காகா என்ற கறுப்பினக் குடும்பம் 2003இல் தோட்டம் வாங்கி ம்ஹூடி என்று நடத்தியது. உங்கள் மாகாணத்துப் பெண் ன்ட்ஸிக்கி பியேலா, உதவித்தொகையில் ஸ்டெல்லன்பாஷில் படித்து, நாட்டின் முதல் கறுப்பினப் பெண் ஒயின் வல்லுநர் ஆனார். பாட்டியின் பெயரான அஸ்லினாவையே தன் ஒயினுக்கு வைத்தார். நம் ஆட்களின் பெயர் எந்த பாட்டிலிலும் என் கண்ணில் படவில்லை.

கேள்வி: அக்கா, லேப்பில் என்னதான் வேலை? எங்கள் சித்தி, நாள் முழுக்க ருசி பார்த்துவிட்டுத் தூங்கும் வேலை என்கிறார்.
(ஒரு மாணவி, ஃபீனிக்ஸ்)

சித்திக்கு என் வணக்கம். என் மாமியாரும் சாட்ஸ்வொர்த்தில் அக்கம்பக்கத்தாரிடம் "பழச்சாறு கம்பெனியில் லேப் வேலை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். முழுப் பொய்யும் இல்லை.

அறுவடை சமயத்தில் விடிவதற்கு முன் தோட்டத்துக்குப் போவேன். ஒவ்வொரு பாத்தியிலும் வரிசையின் இரண்டு பக்கமும், வெயில் பக்கம் கொஞ்சம் நிழல் பக்கம் கொஞ்சம், கொத்தின் மேலிருந்து, அடியிலிருந்து என்று பழம் பொறுக்கிப் பையில் போடுவேன். அழகான பழமாகப் பார்த்துப் பறித்தால் கணக்குப் பொய்யாகிவிடும். கையால் நசுக்கி, வடிகட்டி, சர்க்கரை எத்தனை பாலிங் (நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம்), பிஹெச் என்ன, மொத்தப் புளிப்பு என்ன என்று பார்ப்பேன். பீனோவுக்கு 23 பாலிங்குக்கு மேல் வந்தால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அப்புறம் விதையைக் கடித்துப் பார்ப்பேன். பச்சையாகக் கசந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பாகி மொறுமொறுவென்று உடைந்தால் சரி. எந்தக் கருவியும் இதைச் சொல்லாது.

பழம் உள்ளே வந்த பிறகு ஒவ்வொரு தொட்டிக்கும் காலை, மாலை சர்க்கரையும் சூடும் பார்த்துக் குறிக்க வேண்டும். தோல் மேலே மிதந்து கெட்டியாகத் தொப்பி கட்டும், அதை மரக்கட்டையால் அமுக்கி முழுக்க வேண்டும். ருசி பார்ப்பதெல்லாம் துப்புவதற்குத்தான். எனக்குப் பயம் ஒன்றே ஒன்று, கரியமில வாயு. ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிக்கையில் ஐம்பது லிட்டருக்கு மேல் வாயு விடும். கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். காலியான தொட்டிக்குள் தவறி விழுந்த கத்திரிக்கோலை எடுக்கக் குனிகிறவன் அப்படியே சாய்ந்துவிடுவான், காப்பாற்ற இறங்குகிறவனும் சாய்வான். அதனால் எங்கள் தோட்டத்துச் சட்டம், அறுவடை சமயத்தில் யாரும் தனியாக நிலவறைக்குள் போகக் கூடாது, முதலாளியானாலும் சரி. ஃபேனைப் போட்டு, மீட்டரைப் பார்த்து, பிறகுதான் கால் வைப்போம்.

தைப்பூசக் காவடி சரியாக இந்தச் சமயத்தில்தான் வந்து விழும். டர்பன் போக முடியாது. ஆடிக் கூழுக்குப் போவேன், அப்போது கவாத்து, லேப்பில் வேலை கம்மி.

கேள்வி: ஒயின் சைவமா? பழம்தானே என்று நினைத்திருந்தேன், பேத்தி இல்லை என்கிறாள்.
(ஒரு வாசகி, டோங்காட்)

பேத்தி சொல்வது பாதி சரி. பழச்சாறும் ஈஸ்ட்டும்தான் அடிப்படை. ஆனால் கலங்கலைத் தெளிவிக்கவும், துவர்ப்பைக் குறைக்கவும் சில இடங்களில் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப் பையிலிருந்து எடுக்கிற ஒரு பொருள் என்று எதையாவது கலக்குவார்கள். அது கசடோடு அடியில் போய்விடும், ஒயினைப் பிரித்தெடுத்துவிடுவார்கள். இருந்தாலும் பட்டது பட்டதுதான் என்பது உங்கள் கணக்கானால், அது சைவமில்லை. எங்கள் தோட்டத்தில் ஷார்டொனேவுக்கு பென்டொனைட் என்கிற களிமண் மட்டும், பீனோவுக்கு ஒன்றும் கிடையாது, காலம்தான் தெளிவிக்கும். லேபிளில் வீகன் என்று போட்டிருந்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் தோட்டத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். புரட்டாசி விரதத்தில் குடிக்கலாமா என்பது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. கூடாது. அதற்கு என் லேப் வேண்டாம், உங்கள் மாமியாரே போதும்.

கேள்வி: தங்கச்சி, தமிழ் இதழில் ஒயின் பெருமையா? கரும்புக் காட்டில் வந்து விழுந்த நம் சனம் குடியால் அழிந்தது உனக்குத் தெரியாதா?
(ஒரு பெரியவர், வெருலம்)

தெரியும் அண்ணா. பெருமை பாடுவதற்கு இந்தப் பக்கம் இல்லை. உங்கள் கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் விறகு நானே தருகிறேன். கேப் ஒயின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். டாப் முறை என்று பெயர். விடிந்ததும் ஒரு குவளை, இடையில் குவளை, பொழுது சாய்ந்தால் குவளை. அறுபதுகளில் சட்டம் தடுத்தும் சில இடங்களில் தொண்ணூறுகள் வரை தொடர்ந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாகப் பிறக்கிற இடங்களில் இந்த மாகாணத்து ஒயின் ஊர்களும் சேர்த்தி. எங்கள் தோட்டத்தில் என்னோடு தொட்டி கழுவுகிற ஒருவர், அவர் அப்பா அந்தக் குவளையில் போனவர். அவர் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. பீப்பாயில் குறை இருந்தால் மூக்காலேயே சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. நாம் 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்ததைத்தான் நம் தொடக்கமாகச் சொல்கிறோம். அதற்கு வெகு முன்பே, 17ஆம் நூற்றாண்டிலேயே, டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்களை அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுவந்தது. பழைய ஒயின் தோட்டங்களில் மண்ணைக் கொத்தியது, சுவர் எழுப்பியது, பழம் மிதித்தது அடிமைகள். 1834இல் விடுதலை என்று அறிவித்தார்கள், உண்மையில் காலைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது 1838இல். வந்தவர்களின் பெயரையே மாற்றிவிட்டதால் எது நம் ரத்தம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கேப்பின் ஒயின் கதையில் நம் கரையின் வியர்வை இருக்கிறது என்று எழுதுவதற்குத் தமிழ் இதழை விட்டால் வேறு இடம் எங்கே? குடிக்கச் சொல்லி நான் யாரையும் அழைக்கவில்லை. என் வீட்டில் என் கணவர் குடிப்பதில்லை. பதினெட்டுக்குக் கீழ் எவருக்கும் சட்டப்படி கொடுக்கவும் கூடாது.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. கடல் பக்கம் சின்னதாக ஒரு ஒயின் தோட்டம் வாங்கிக் குடும்பமாக நடத்தலாம் என்று ஆசை. மகன்கள் இருவரும் சரி என்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?
(ஒரு வாசகர், லெனேசியா)

ஐயா, வேண்டாம். ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்றைக்கு நட்டால் மூன்றாம் வருடம் முதல் பழம். அதிலிருந்து எடுத்த பீனோ பீப்பாயில் பத்து மாதம், பாட்டிலில் இன்னும் சில மாதம். விற்றுக் காசு கையில் வர ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் கூலி, மருந்து, டிராக்டர், மின்சாரம் எல்லாம் நிற்காது. 228 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய் புதிதாக வாங்க ஏறக்குறைய ஆயிரம் யூரோ. நம் நாணயமான ராண்டு சரிந்தால் பீப்பாய் விலை தானாக ஏறும். பறவைக்கு வலை கட்ட வேண்டும். பபூன் கூட்டத்துக்கு வலையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, மலையிலிருந்து இறங்கி ஒரு காலையில் ஒரு மூலையைத் துடைத்துவிடும். கோடையில் மலைப் புதர் பற்றிக்கொண்டால், நெருப்பு உங்கள் வேலிக்கு வராவிட்டாலும் புகை பழத்தில் ஏறி ஒயினில் சாம்பல் வாடை அடிக்கும். 2020இல் கொரோனாவுக்காக நாடு முழுக்க மது விற்பனையை நிறுத்தினார்கள், திறந்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். ஏற்றுமதியும் சில வாரம் நின்றது. எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் முழு அறுவடையும் தொட்டியில், வருமானம் பூஜ்யம். ஆட்களை அனுப்பவில்லை. முதலாளி அம்மா தன் காரை விற்றார்.

பணத்தைவிடப் பெரிய சங்கதி குடும்பம். நீங்கள் மகன்கள் சரி என்கிறார்கள் என்று எழுதியதால் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் பெரியவருக்கு எழுபது தாண்டியாயிற்று. ஒயின் செய்வது மகள். கணக்கும் வெளிநாட்டு விற்பனையும் மகன். பெரியவரின் மறைந்த மனைவி கையால் தேர்ந்து நட்ட ஒரு பீனோ பாத்தி உண்டு, வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே. அதில் இலைச்சுருட்டு வைரஸ் புகுந்துவிட்டது. மார்ச் முடிவில் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் சிவந்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். வெளி ஊர்க்காரர்கள் அந்தச் சிவப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மருந்து கிடையாது. மாவுப்பூச்சி அதைச் செடிவிட்டுச் செடிக்குக் கொண்டுபோகும். எறும்புகள் மாவுப்பூச்சியின் தேனுக்காக அதற்குக் காவல் நிற்கும். கொடி சாகாது, ஆனால் பழம் பழுப்பது பிந்தும், ஒரே கொத்தில் பாதி இனிப்பு பாதி புளிப்பு.

மகள் பிடுங்கிவிடலாம் என்றார். பெரியவர் மாட்டேன் என்றார். மகன் இரண்டு பக்கமும் பேசினார். மூன்று அறுவடை போயிற்று. ஒவ்வொரு அறுவடையிலும் என் நோட்டில் அந்தப் பாத்தியின் பாலிங் மற்ற பாத்திகளுக்கு இரண்டு, மூன்று கீழே நிற்கும். அதற்குள் பக்கத்து இரண்டு வரிசையிலும் இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் ஒரு நாள் பெரியவரே லேப்புக்கு வந்து, நோட்டைக் கேட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். அடுத்த ஜூலையில் டிராக்டர் வந்தது. வேரோடு எடுத்து எரித்தாயிற்று. மிச்ச வேர் சாகட்டும் என்று இப்போது நிலம் சும்மா கிடக்கிறது, ஓட்ஸ் விதைத்திருக்கிறோம். புதுக் கன்று, பரிசோதித்துச் சான்று பெற்ற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியது, இனிமேல்தான் வரும்.

ஒரு கம்பெனியாக இருந்தால் முதல் வருடமே பிடுங்கியிருப்பார்கள், இரண்டு வரிசை தப்பியிருக்கும். ஆனால் அதே கம்பெனி, 2020இல் நிலத்தைப் பங்களா கட்டுகிறவனுக்கு விற்றுவிட்டுக் கிளம்பியிருக்கும். குடும்பத் தோட்டம் என்றால் இந்தப் பிடிவாதம் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். உங்கள் மகன்களும் நீங்களும் ஒரு பாத்தியைப் பற்றி மூன்று வருடம் சண்டை போட்டுக்கொண்டு, அப்புறமும் ஒரே மேசையில் சாப்பிடுவீர்களா? ஆமாம் என்றால் மறுபடி எழுதுங்கள், மண் பரிசோதனைக்கு எங்கே போவது என்று சொல்கிறேன். நிலத்தடித் தண்ணீர் உரிமையை மட்டும் பத்திரம் முடிக்கும் முன் வக்கீலை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இதைப் படிக்க என்ன வழி?
(ஒரு மாணவர், டர்பன்)

பள்ளியில் கணக்கு, வேதியியல், உயிரியல் விடாதே. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்பு, ஒயின் இயல் இரண்டும் சேர்ந்த வேளாண் பட்டம் உண்டு. எல்சன்பர்க் கல்லூரியிலும் படிக்கலாம். கேப் ஒயின்மேக்கர்ஸ் கில்ட் என்கிற ஒயின் தயாரிப்பாளர் சங்கம் 2006லிருந்து, வாய்ப்புக் கிடைக்காத சமூகத்துப் பிள்ளைகளுக்காகப் பயிற்சித் திட்டம் நடத்துகிறது, அதற்கும் விண்ணப்பம் போடு. எல்லாவற்றுக்கும் முன் ஒரு பிப்ரவரியில் எங்காவது அறுவடை வேலைக்குப் போய்ப் பார். ரப்பர் பூட்ஸ், ஈரத் தரை, பன்னிரண்டு மணி நேரம். அது பிடித்தால் மற்றது வந்துவிடும்.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு விருந்தாளிகள் ஒயின் கொண்டுவருகிறார்கள். நம் டர்பன் ஆட்டுக்கறிக் குழம்புக்கு எது ஒத்துவரும்?
(ஒரு வாசகி, ஐஸிபிங்கோ)

அந்தக் காரத்துக்கு எதுவும் சுலபமில்லை. மது மிளகாய் எரிச்சலைக் கூட்டும். துவர்ப்பான சிவப்பு ஒயினோ வாயை இன்னும் காய வைக்கும். எங்கள் பீனோவைக் கொண்டுவந்தால், குழம்புக்கு முன்னால் கத்தரிக்காய் வறுவல், காளான், பருப்பு வடை என்று வைக்கிறீர்களே, அப்போது திறந்துவிடுங்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள், நம் கோடைக்கு அறைச் சூடு அதற்கு அதிகம். ஆட்டுக்கறிக்கு, நாட்டிலேயே அதிகம் நட்டிருக்கிற ஷெனின் பிளாங்க் என்கிற வெள்ளைத் திராட்சையின் ஒயின், அதுவும் கொஞ்சம் இனிப்பு நிற்கிறதாகப் பார்த்து, நன்றாகக் குளிரவைத்து ஊற்றுங்கள். பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) என்றால் ஒயினை விட்டுவிடுங்கள், மோர்தான் சரி.